கை நனைக்காத விருந்தாளி!

தட்டில் வெட்டுக்கிளி வறுவல். பக்கத்தில் ஆவி பறக்கும் வாழைக்காய் மசியல். சமைத்த பெண் எதிரே நின்று, விருந்தாளியின் முகத்தையே பார்க்கிறாள்.

கடல் கடந்து, ஆகாய விமானத்தில் வந்த சர்ச் விருந்தாளி என்ன செய்வார்? சாப்பிடுவாரா? அல்லது, "வேண்டாம்" என்று தட்டைத் தள்ளி வைப்பாரா?

இது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால், அவர் எதற்காக அவ்வளவு தூரம் வந்தாரோ, அந்தக் காரியம் ஜெயிப்பதும் தோற்பதும் அந்தத் தட்டில்தான் இருக்கிறது!

அமெரிக்கா, பிரிட்டன், தென் கொரியா முதலிய நாடுகளில் உள்ள சர்ச்சுகள், ஆண்டுதோறும் தங்கள் ஆட்களைக் குழுக் குழுவாக வெளிநாடுகளுக்கு அனுப்புகின்றன. ஒரு வாரம் அல்லது இரண்டு வாரம் தங்குவார்கள். பள்ளிக்கூடத்துக்குச் சுவர் கட்டுவார்கள். நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பார்கள். குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பார்கள். சேர்ந்து ஜெபம் செய்வார்கள். பிறகு ஊர் திரும்புவார்கள். இதற்கு "ஊழியப் பயணம்" என்று பெயர்.

நல்ல காரியம்தான். ஆனால், சாப்பாட்டு வேளை வந்ததும் சிலருடைய முகம் மாறிவிடுகிறது. உள்ளூர் சாப்பாடு வேண்டாம் என்கிறார்கள். பெட்டியைத் திறக்கிறார்கள். பிஸ்கட், சாக்லேட், டப்பாவில் அடைத்த மீன் ஆகியவை வெளியே வருகின்றன!

இது சரியா?

வாழை நாடு

இந்தக் குழுக்கள் போகும் நாடுகளில் ஒன்று உகாண்டா. அது கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. விக்டோரியா ஏரியின் கரையில் உள்ள பசுமையான நாடு. அதன் தலைநகரம் கம்பாலா.

இங்கிலாந்துப் பாதிரிமார்கள் 1877ஆம் ஆண்டிலேயே அங்கே போய்விட்டார்கள். இன்று அந்த நாட்டில் 100 பேருக்கு 80 பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். ஆகவே, விருந்தாளிக்குச் சோறு போடும் வீட்டுக்காரர், அந்த விருந்தாளியைவிட அதிகமாக ஜெபம் செய்கிறவராகவும் இருக்கலாம்!

அங்கே ஜனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள்?

முக்கியமான ஆகாரம் "மட்டோக்கே". இது ஒரு வகை வாழைக்காய். தோலைச் சீவி, வாழை இலையில் பொட்டலமாகக் கட்டி, ஆவியில் வேக வைப்பார்கள். வெந்ததும் இலையோடு சேர்த்து அழுத்திப் பிசைவார்கள். பச்சைக் காய் பொன் நிறமாக மாறிவிடும். அதற்குத் தொட்டுக்கொள்ள வேர்க்கடலைக் குழம்பு, பீன்ஸ் குழம்பு, கீரை ஆகியவை உண்டு.

அங்குள்ள லுகாண்டா மொழியில் "உணவு" என்பதற்கு உள்ள சொல், மட்டோக்கேயையும் குறிக்கும். நம் ஊரில் சோறு என்றாலே சாப்பாடு என்று அர்த்தம் அல்லவா? அதுபோலத்தான்!

இன்னொரு ஆகாரம் "கலோ". கேழ்வரகு மாவும் மரவள்ளிக் கிழங்கு மாவும் சேர்த்துக் கிண்டுவார்கள். பார்த்தால் நம் ஊர்க் களி மாதிரியே இருக்கும். இதில் ஓர் ஆச்சரியம் உண்டு. கேழ்வரகு நம் நாட்டில் தோன்றிய தானியம் அல்ல. ஆப்பிரிக்காவில் தோன்றி, மிகப் பழைய காலத்திலேயே இங்கே வந்து சேர்ந்தது. ஆப்பிரிக்கச் சாப்பாடு என்று முகம் சுளிக்கும் தமிழர், தம் தாத்தா குடித்த கூழை நினைத்துக்கொள்ள வேண்டும்!

நம் நாட்டிலிருந்து அங்கே போனதும் உண்டு. 1896ஆம் ஆண்டு முதல் 1901ஆம் ஆண்டு வரை, மொம்பாசாத் துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரி வரை ரெயில் பாதை போட்டார்கள். அந்த வேலைக்கு இந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் போனார்கள். வியாபாரிகளும் போனார்கள். இந்தியர்கள் போனபோது சப்பாத்தியும் போனது. இன்று கம்பாலாத் தெருவில் சப்பாத்திக்குள் முட்டை ஆம்லெட்டை வைத்துச் சுருட்டிக் கொடுக்கிறார்கள். அதன் பெயர் "ரோலெக்ஸ்"! கைக்கடிகாரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. "ரோல்டு எக்ஸ்" என்ற ஆங்கிலச் சொற்கள் மருவி அப்படி ஆகிவிட்டன.

வெட்டுக்கிளி வறுவல்

எல்லாம் சரி, வெட்டுக்கிளி?

உகாண்டாவில் மழைக் காலத்தில் பச்சையும் பழுப்புமாக ஒரு வகை வெட்டுக்கிளிகள் கூட்டமாகப் பறந்து வரும். அதன் பெயர் "என்செனேனே". நவம்பர் மாதத்துக்கே லுகாண்டா மொழியில் அந்தப் பூச்சியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இரவில் பெரிய விளக்குகளை எரிய விடுவார்கள். பளபளக்கும் தகரங்களை நிறுத்தி வைப்பார்கள். வெளிச்சத்தைத் தேடி வரும் வெட்டுக்கிளிகள் தகரத்தில் மோதி, வழுக்கி, கீழே உள்ள பீப்பாய்க்குள் விழும். இறக்கையையும் காலையும் கிள்ளிவிட்டு, வெங்காயமும் உப்பும் போட்டு வறுப்பார்கள். எண்ணெய்கூட அதிகம் வேண்டாம். பூச்சியில் உள்ள கொழுப்பே போதும். புரதச் சத்து நிறைந்த தின்பண்டம் அது. வருஷம் பூராவும் கிடைக்காது. ஆகவே, ஜனங்கள் ஆசையோடு காத்திருப்பார்கள்.

சர்ச்சுக்குப் போகிறவர்கள் இதைப் பார்த்து அருவருப்பது வேடிக்கையாக இருக்கிறது. யோவான் ஸ்நானகன் வனாந்தரத்தில் என்ன சாப்பிட்டார்? வெட்டுக்கிளியும் காட்டுத் தேனும்தானே! சிறு வயதிலிருந்து பைபிளில் படித்ததுதான். புத்தகத்தில் இருந்தால் பரிசுத்தம், தட்டில் இருந்தால் அருவருப்பா?

தமிழ்நாட்டிலும் மழை பெய்து ஈசல் கிளம்பினால், அதைப் பிடித்து வறுத்து, அரிசியோடு சேர்த்துத் தின்பது கிராமங்களில் உள்ள பழைய வழக்கம். தின்று பழகியவருக்கு அது ருசி. பழகாதவருக்கு அது பூச்சி. நாக்கு பழகுவதைப் பொறுத்ததுதான் ருசி!

கோழி வந்த வழி

விருந்தாளி தட்டைத் தள்ளினால் என்ன நஷ்டம்? ஒரு வேளைச் சாப்பாடு வீணாகும். அவ்வளவுதானே என்று சிலர் நினைக்கலாம்.

அவ்வளவு மட்டும் அல்ல.

கிராமத்து ஏழை வீட்டில் கோழி என்பது சேமிப்பு. பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டுமா? கோழியை விற்பார்கள். குழந்தைக்குக் காய்ச்சலா? கோழியை விற்பார்கள். கையில் காசு இல்லாதவர்கள் சர்ச்சுக்குக் காணிக்கையாகவும் கோழியையே கொண்டு வருவார்கள். முட்டை, கரும்பு, வாழைத்தார் ஆகியவையும் வரும். ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவார்கள். திருநெல்வேலிப் பக்கத்துச் சர்ச்சுகளில் அறுப்பின் பண்டிகை அன்று நடக்கும் ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிது அல்ல.

அப்படிப்பட்ட கோழியைத்தான் விருந்தாளிக்காக அறுக்கிறார்கள். அந்த வீட்டுக் குழந்தைகள் என்றைக்கோ ஒரு நாள்தான் கோழிக் குழம்பைப் பார்த்திருப்பார்கள். வந்தவர் அதைத் தொடாமல் தள்ளிவிட்டுப் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்தால், அந்தத் தாயின் மனம் என்ன பாடுபடும்?

"என் கை சுத்தம் இல்லையா? என் வீடு அவருக்குத் தாழ்வா?" என்றுதான் அவள் நினைப்பாள். வாயால் சொல்ல மாட்டாள். சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துப் போவாள்.

அதற்குப் பிறகு அந்த விருந்தாளி, "கடவுளுக்கு முன்னால் எல்லோரும் சமம்" என்று ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தால், யார் நம்புவார்கள்?

நமக்குத் தெரியாததா?

சாப்பிட மறுப்பது மனிதரையே மறுப்பதாகும். இதைத் தமிழர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியது இல்லை.

பெண் பார்க்கப் போகிறவர்கள், சம்பந்தம் நிச்சயம் ஆகும் வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் உறவு ஆகிவிட்டது என்று அர்த்தம்.

சாதியின் பெயரால் நடந்த கொடுமைகளில் பல தண்ணீரிலும் சோற்றிலும்தான் நடந்தன. டீக்கடையில் ஒரு சாராருக்குத் தனி டம்ளர் வைத்தார்கள். "அவன் வீட்டுத் தண்ணீரைக் குடிக்க மாட்டேன்" என்றார்கள். சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டதால், 1924, 1925ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடே கொதித்தது. ஒரே பந்தியில் உட்காருவதா, வேண்டாமா என்பதில் மனிதருடைய மானம் அடங்கி இருக்கிறது.

அந்த வலி தெரிந்தவர்கள், வேறு தேசத்து ஏழையின் தட்டைத் தள்ளலாமா?

பேதுருவைத் திருத்திய பவுல்

ஊழியத்துக்குப் போகிறவர்களுக்கு அவர்களுடைய வேதத்திலேயே வழி சொல்லி இருக்கிறது.

இயேசு எழுபது சீஷர்களை ஊர் ஊராக அனுப்பினார். எந்த வீட்டில் எதைக் கொடுத்தாலும் சாப்பிடும்படி அவர்களிடம் சொன்னார். இதை லூக்கா எழுதி வைத்திருக்கிறார்.

அந்தக் காலத்து யூதர்கள் மற்ற இனத்தாரோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். பேதுரு அதை மீறி, அந்தியோகியா நகரத்தில் மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிட்டு வந்தார். எருசலேமிலிருந்து சில பேர் வந்ததும் அவருக்குப் பயம் வந்துவிட்டது. பந்தியை விட்டு மெல்ல விலகினார். பவுல் சும்மா இருந்தாரா? எல்லோருக்கும் முன்னால், முகத்துக்கு நேராகவே கண்டித்தார்.

பேதுரு பொய் சொல்லவில்லை. திருடவில்லை. சாப்பிடாமல் எழுந்து போனார். அவ்வளவுதான். அது போதும் என்று பவுல் நினைத்தார்!

மதுரைக்கு வந்த இத்தாலியர்

சாப்பாட்டை மாற்றிக்கொண்ட பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டிலேயே இருந்தார். அவர் பெயர் ராபர்ட் டி நோபிலி. இத்தாலி நாட்டுக்காரர். 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்தார். தமிழ் படித்தார். காவி உடுத்தார். மாமிசத்தை அடியோடு விட்டார். ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும் சோறும் காய்கறியும் சாப்பிட்டார். "தத்துவ போதகர்" என்று பெயர் பெற்றார்.

தம் நாக்கையே கட்டிப் போட்டது பெரிய காரியம். அதைப் பாராட்ட வேண்டும். ஆனால், கதையில் மற்றொரு பக்கமும் உண்டு. மேல் சாதியார் தம்மிடம் வர வேண்டும் என்பதற்காக, மற்றக் கிறிஸ்தவர்களிடமிருந்து அவர் விலகி வாழ்ந்தார். ஒரு பந்தி திறந்தது. மற்றொரு பந்தி மூடியது!

ஆகவே, எதைச் சாப்பிடுகிறோம் என்பது மட்டும் கேள்வி அல்ல. யாரோடு சாப்பிடுகிறோம் என்பதும் கேள்வி. ஊருக்குள் வரும் குழு, பெரிய மனிதர் வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டு, குடிசையில் கொடுத்த கிழங்கை மறுத்தால், அதுவும் தவறுதான்.

அசரியா கேட்டது என்ன?

1910ஆம் ஆண்டு, ஸ்காத்லாந்தில் உள்ள எடின்பரோ நகரத்தில் உலக மிஷனெரி மாநாடு நடந்தது. அங்கே ஒரு தமிழர் எழுந்து பேசினார். அவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ்.அசரியா. வெளியார் உதவியை எதிர்பார்க்காமல், திருநெல்வேலியில் 1903ஆம் ஆண்டு இந்திய மிஷனெரி சங்கம் தோன்றக் காரணமாக இருந்தவர். பிறகு 1912ஆம் ஆண்டு தோர்ணக்கல் பிஷப் ஆனார்.

வெள்ளைக்கார மிஷனெரிகள் நிறைந்த அந்தச் சபையில் அவர் பயப்படாமல் பேசினார். மிஷனெரிகள் பொருள் கொடுத்தார்கள், உயிரையும் கொடுத்தார்கள், ஆனால் நட்பைக் கொடுக்கவில்லை என்று சொன்னார். எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்று கேட்டார்.

நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் கேள்வி இன்னும் பழசாகவில்லை. கொடுப்பதற்கு மட்டும் வருகிறவர் எஜமானர். கொடுக்கவும் வாங்கவும் தெரிந்தவரே நண்பர். ஏழை வீட்டுக்காரரிடம் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது? ஒரு தட்டுச் சாப்பாடுதான் இருக்கிறது. அதையும் வாங்காவிட்டால் நட்பு எங்கிருந்து வரும்?

வயிறு கெட்டால்?

"சொல்வது சுலபம். வயிறு கெட்டால் யார் பொறுப்பு?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். புது ஊருக்குப் போகிறவர்களில் பலருக்கு வயிற்றுப்போக்கு வருவது உண்மை. அதற்கு விருந்தை மறுக்க வேண்டியது இல்லை. விவரமாக நடந்துகொண்டால் போதும்.

நன்றாக வெந்து, சுடச்சுட இருக்கும் சாப்பாட்டைப் பயப்படாமல் சாப்பிடலாம். ஆவியில் வெந்த மட்டோக்கேயும், கொதித்த பீன்ஸ் குழம்பும் அந்த வகைதான். பழத்தைத் தானே உரித்துச் சாப்பிடலாம். பச்சைக் காய்கறி, ஐஸ் கட்டி, காய்ச்சாத பால் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். கொதிக்க வைத்த தண்ணீரையோ, மூடி உடைக்காத பாட்டில் தண்ணீரையோ குடிக்க வேண்டும். சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பையில் இருக்கட்டும்.

வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. சிலருக்கு அது உயிருக்கே ஆபத்து. உகாண்டாவில் வேர்க்கடலைக் குழம்பு அதிகம். அப்படிப்பட்டவர்களும், மாமிசம் சாப்பிடாதவர்களும், புறப்படுவதற்கு முன்பே அந்த ஊர்ப் போதகருக்குத் தெரிவித்துவிட வேண்டும். அவர் வீட்டுக்காரர்களிடம் பக்குவமாகச் சொல்லி வைப்பார். முன்பே சொன்னால் அது விவரம். தட்டைப் பார்த்த பிறகு சொன்னால் அது அவமானம்!

நோய் எப்போதும் ஏழை வீட்டிலிருந்தே வரும் என்று நினைப்பதும் தவறு. 2010ஆம் ஆண்டு ஹெய்ட்டி நாட்டில் என்ன நடந்தது? உதவி செய்ய வந்த ஐ.நா. அமைதிப் படையின் முகாமிலிருந்து காலராக் கிருமி ஆற்றில் கலந்தது. சுமார் 10 ஆயிரம் பேர் செத்துப் போனார்கள். 2016ஆம் ஆண்டு ஐ.நா. பொதுச் செயலாளர் மன்னிப்புக் கேட்டார். உதவிக்கு வந்தவர்களால் வந்த நோய் அது. சுத்தம் விருந்தாளிக்கும் வேண்டும், வீட்டுக்காரருக்கும் வேண்டும்.

ஏழையின் சோற்றைத் தின்னலாமா?

நல்ல மனம் உள்ள சிலருக்கு வேறொரு சங்கடம் உண்டு. "பாவம், அவர்களே ஏழைகள். அவர்கள் சோற்றை நாம் தின்னலாமா?" என்று தயங்குவார்கள்.

அதற்கும் வழி உண்டு. உகாண்டாவில் ஒரு வீட்டுக்குப் போகிறவர்கள், சர்க்கரை, சோப்பு, ரொட்டி முதலியவற்றை வாங்கிக்கொண்டு போவது வழக்கம். விருந்தாளியும் அதுபோலச் செய்யலாம். 20 பேர் கொண்ட குழு போனால், சாப்பாட்டுச் செலவை முன்கூட்டியே அந்தச் சர்ச்சிடம் கௌரவமாகக் கொடுத்துவிடலாம். பெட்டி பெட்டியாகப் பிஸ்கட் சுமப்பதைவிட, அந்த ஊர்ச் சந்தையில் வாங்கினால் அங்குள்ள குடியானவருக்கு நாலு காசு கிடைக்கும்.

பல வீடுகளில் விருந்தாளி சாப்பிட்ட பிறகுதான் குழந்தைகள் சாப்பிடுவார்கள். ஆகவே, முதலில் கொஞ்சமாக வாங்கிக்கொள்ள வேண்டும். அதை மிச்சம் இல்லாமல் சாப்பிட வேண்டும். "ருசியாக இருக்கிறது" என்று சொல்லி, இன்னும் ஒரு பிடி கேட்க வேண்டும். அந்த ஒரு பிடியில் வீட்டுக்காரியின் முகம் மலர்ந்துவிடும்.

வெட்டுக்கிளி உள்ளே போகவே மாட்டேன் என்கிறதா? பரவாயில்லை. அந்தச் சாப்பாட்டை உண்ணாதவர்கள் உகாண்டாவிலேயே இருக்கிறார்கள். அங்கே என்செனேனே என்ற பெயரிலேயே ஒரு குலம் உண்டு. அந்தப் பூச்சி அவர்களுடைய குலச் சின்னம். ஆகவே, அவர்கள் அதைத் தின்பது இல்லை. புன்னகையோடு நன்றி சொல்லிவிட்டு, மட்டோக்கேயை இன்னும் கொஞ்சம் கேட்கலாம். ஒரு பண்டத்தை விடுவது வேறு. பந்தியையே விடுவது வேறு.

ஒன்று மட்டும் கூடாது. "ஐயே!" என்று முகத்தைச் சுளித்து, செல்போனில் படம் பிடித்து, ஊரில் உள்ளவர்கள் சிரிப்பதற்கு அனுப்பக் கூடாது. அந்தச் சிரிப்பு சமைத்தவளின் காதிலும் விழும். இப்போது செல்போன் அவள் வீட்டிலும் இருக்கிறது!

இரண்டு வார்த்தைகள்

ஊழியத்துக்குப் போகிறவர்கள் மொழி கற்றுக்கொள்ள வேண்டும் என்பார்கள். இரண்டு வாரத்தில் முழு மொழியையும் கற்க முடியாது. இரண்டு வார்த்தைகளைக் கற்கலாம்.

உகாண்டாவில் சாப்பிட்டு முடித்ததும் ஜனங்கள், "வேபலே குஃபும்பா" என்று சொல்வார்கள். "சமைத்ததற்கு நன்றி" என்று அர்த்தம். சமைத்தவருக்கு என்றே அந்த மொழியில் தனி நன்றி இருக்கிறது. எவ்வளவு நல்ல வழக்கம்! நம் வீடுகளில் தினமும் அடுப்படியில் வேகும் தாய்க்கும் மனைவிக்கும் இதை யார் சொல்கிறார்கள்?

அந்த வார்த்தைகளைப் பையிலே கட்டிக்கொண்டு போக வேண்டியது இல்லை. விமானத்தில் அதற்கு எடை இல்லை. ஆனால், சாப்பிட்டவர் மட்டுமே அதைச் சொல்ல முடியும். சாப்பிடாதவர் எப்படிச் சொல்வார்?

ஆகவே, கடல் கடந்து போகும் நண்பர்களே! பைபிளை எடுத்துப் போங்கள். மருந்தை எடுத்துப் போங்கள். பசியையும் எடுத்துப் போங்கள். போன இடத்தில் தரையில் உட்கார்ந்து, அவர்களோடு சேர்ந்து கையை நனையுங்கள். பிறகு அவர்கள் உங்கள் ஊருக்கு வந்தால், உங்கள் வீட்டிலும் இலை போடுங்கள்.